ஓட்டன் வீட்டுச் சம்பந்தம்

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘மனித குலத்தை வாழவைத்தது வல்லமையா, உறவா?’ ‘உறவே’ என்னும் அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு கதை சொன்னார். “ஐரோப்பாவிலே நியாண்டர்தால் என்று ஒரு மனிதக் கூட்டம் இருந்தது. நம் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து போனார்கள். அடித்தார்கள். முடித்தார்கள். அவன் போயே போய்விட்டான், நாம் இருக்கிறோம். இதுதான் வல்லமை!” என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டுகிற கைக்குள்ளேயே அந்த நியாண்டர்தால் உட்கார்ந்திருக்கிறானே, இது தம்பிக்குத் தெரியாதே என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். (சிரிப்பு, கைதட்டல்)

ஆமாம் ஐயா. சும்மா சொல்லவில்லை. கணக்கோடு சொல்கிறேன்.

ஜெர்மனியிலே டியூசல்டார்ஃப் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. 1856ஆம் ஆண்டு அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டுகிற தொழிலாளிகளுக்கு ஒரு குகையில் எலும்புகள் கிடைத்தன. கரடி எலும்பு என்று நினைத்தார்கள். “இது கரடி இல்லையப்பா, பழங்காலத்து மனிதன்” என்று கண்டு சொன்னவர் யார் தெரியுமா? ஃபூல்ராட் என்கிற பள்ளிக்கூட வாத்தியார்! வாத்தியார் சொன்னால் முதலில் யார் கேட்கிறார்கள்? (சிரிப்பு) பான் நகரத்துப் பேராசிரியர் ஒருவர் என்ன சொன்னார் என்றால், “1814இல் நெப்போலியன் படையை விரட்டிக்கொண்டு வந்த கொசாக் குதிரைவீரன் ஒருவன் குகையில் ஒதுங்கிச் செத்திருக்கிறான். குதிரையிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து கால் வளைந்துவிட்டது” என்றார். குதிரை எங்கே, கத்தி எங்கே, சட்டைப் பொத்தான் எங்கே என்று கேட்க வேண்டாமா?

தமிழ் வாத்தியார் என்பதால் ஒரு சொல்லாராய்ச்சி. ‘தால்’ என்றால் ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. ‘நியாண்டர்’ என்பது 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் வாழ்ந்த பக்திப் பாடலாசிரியர் ஒருவரின் பெயர். அவர் குடும்பத்தின் பழைய பெயர் நாய்மன். அதைத்தான் கிரேக்கத்தில் நியாண்டர் என்று மாற்றிக்கொண்டார்கள். அர்த்தம் என்ன? ‘புது மனிதன்’! பழைய மனிதன் கிடைத்த இடத்துக்குப் பெயர் புது மனிதன் பள்ளத்தாக்கு. இயற்கைக்குக்கூடச் சிலேடை தெரிகிறது. (கைதட்டல்)

1908இல் பிரான்சு நாட்டில் ஒரு கிழவரின் ஏறத்தாழ முழு எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த பூல் என்கிற அறிஞர், நியாண்டர்தால் என்றால் கூனன், முழங்கால் நிமிராதவன், பாதி மிருகம் என்று எழுதிவிட்டார். அந்தப் படம்தான் உலகம் முழுக்கப் பரவியது. 1957இல் வேறு இருவர் மறுபடி எடுத்துப் பார்த்தால், பாவம், அந்தப் பெரியவருக்கு மூட்டுவாதம்! ஒருவருடைய முதுகுவலியை வைத்து ஓர் இனத்தையே கூன் என்று முடிவுகட்டினால் எப்படி?

சரி, உறவு எங்கே என்கிறீர்கள். வருகிறேன்.

ஸ்வான்டே பாபோ என்று ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி. அவர் அப்பாவும் நோபல் பரிசு வாங்கியவர். 1997இல் பாபோ குழுவினர், அந்த வாத்தியார் கண்டுசொன்ன அதே எலும்பிலிருந்து கொஞ்சம் டி.என்.ஏ. எடுத்தார்கள். அது தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருகிற பகுதி. நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சம்பந்தமே இல்லை. “கலப்பு நடந்ததற்கு அடையாளம் இல்லை” என்று முடிவு வந்தது. அப்போதிலிருந்து 13 வருடம் எதிரணிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்க விரும்பவில்லை. (சிரிப்பு)

2010இல் அதே பாபோ குழுவினர், தாய்வழிப் பகுதி மட்டுமல்லாமல், முழு மரபணுத் தொகுதியின் முதல் வரைவையே வெளியிட்டார்கள். இன்று வாழ்கிற 5 பேரோடு அதை ஒப்பிட்டார்கள். பிரான்சுக்காரர் ஒருவர், சீனர் ஒருவர், பாப்புவா நியூகினிக்காரர் ஒருவர், ஆப்பிரிக்கர் இருவர். நியாண்டர்தால் சீனாவில் வாழ்ந்ததாக அடையாளம் இல்லை, பாப்புவா தீவுக்குப் போனதே இல்லை. ஆனால் பிரான்சுக்காரர், சீனர், பாப்புவாக்காரர் மூன்று பேரிடமும் அவன் சரக்கு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது! எப்படி? ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பியவுடனே, இந்த மூவருக்கும் பொதுவான முன்னோர் வழியிலேயே சம்பந்தம் செய்துகொண்டார்கள். அப்புறம்தான் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் உள்ள ஒவ்வொருவர் மரபணுவிலும் 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தால் கொடுத்தது என்பது இன்றைய கணக்கு. ஆப்பிரிக்கரிடமும் சிறிதளவு உண்டு, திரும்பிப் போனவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு.

எப்போது நடந்தது என்பதற்கும் 2024இல் விடை வந்தது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கி, சுமார் 7,000 ஆண்டு காலம் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. எதிரணித் தம்பி ‘போனார்கள், அடித்தார்கள், முடித்தார்கள்’ என்று ஒரே மூச்சில் சொன்னாரே, ஏழாயிரம் வருடம் அடித்துக்கொண்டேவா இருந்தார்கள்? நடுவில் சாப்பிட்டிருக்க மாட்டார்களா? (சிரிப்பு)

நடுவர்: அடிதடி நடக்கிற வீட்டிலும் சம்பந்தம் நடக்கிறது அம்மா. (சிரிப்பு)

நன்றாகக் கேட்டீர்கள் ஐயா. இதைத்தான் எதிரணி அடுத்துக் கேட்கப் போகிறது. “உறவு உறவு என்கிறீர்களே, அது காதல் என்று யார் கண்டது? தூக்கிக்கொண்டு போயிருந்தால்?” கேட்க வேண்டிய கேள்விதான். தொல்காப்பியர் களவு, கற்பு என்று பிரித்துச் சொன்னார். உடன்போக்கைத் தனியாகச் சொன்னார். மரபணுவிலே அந்தப் பிரிவெல்லாம் கிடையாது. அது அன்பா, வன்முறையா என்று எலும்பு சொல்லாது. நானும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எலும்பு வேறு ஒன்றைச் சொல்கிறது. தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ருமேனியாவில் ஒரு குகை. 2002இல் அங்கே ஒரு தாடை எலும்பு கிடைத்தது. ஏறத்தாழ 40,000 வருடத்துக்கு முந்தியது. நம் இனத்து ஆள். 2015இல் அவருடைய மரபணுவைப் படித்தார்கள். 6 முதல் 9 சதவீதம் நியாண்டர்தால்! அதுவும் நீள நீளத் துண்டுகளாக. தலைமுறை போகப் போகத் துண்டு சின்னதாகும். நீளமாக இருந்தால் சம்பந்தம் சமீபத்தியது. கணக்குப் போட்டார்கள். 4 முதல் 6 தலைமுறைக்கு முன்னால் அவர் குடும்பத்தில் ஒரு நியாண்டர்தால் முன்னோர். நம் பெரியவர்கள் வரிசை சொல்வார்கள் இல்லையா? தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன் என்று. நான்கு, ஐந்து, ஆறு என்றால் ஓட்டன், சேயோன், பரன். அந்த மூவரில் ஒருவர். ஓட்டி, சேயோள், பரை என்று பாட்டிமார் வரிசையிலும் இருக்கலாம்.

இப்போது யோசியுங்கள். முதல் கலப்புக் குழந்தை பிறந்தது. முகம் கொஞ்சம் வேறு மாதிரி. புருவ எலும்பு தூக்கல். மூக்கு பெரிசு. பனிக்காலம். இரை கிடைப்பதே பெரும்பாடு. கூட்டத்திலே ஒருத்தர் “இது நம்ம பிள்ளை இல்லை” என்று ஒதுக்கியிருந்தால் போதும், ஒரு ராத்திரிக் குளிரில் முடிந்திருக்கும். முடியவில்லையே! யாரோ பால் கொடுத்தார்கள். யாரோ தோலைப் போர்த்தினார்கள். யாரோ மாமிசத்தை மென்று ஊட்டினார்கள். அது வளர்ந்தது. அதற்கும் ஒருத்தர் துணையாக வந்தார். அதன் பிள்ளையையும் வளர்த்தார்கள். இப்படிப் பிள்ளைக்குப் பிள்ளை வளர்த்ததால்தான் 1,800 தலைமுறை தாண்டி அந்த 2 சதவீதம் இந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. கொன்றவன் பரம்பரையாகக் கொடுத்தது ஒன்றும் இல்லை ஐயா. வளர்த்தவள் கொடுத்தது இது. (பலத்த கைதட்டல்)

நியாண்டர்தாலுக்கும் வளர்க்கத் தெரியும், பேணத் தெரியும். வட இராக்கிலே ஷனிதார் குகை. 1957இல் சொலெக்கி என்கிற அமெரிக்க ஆய்வாளர் அங்கே ஒரு நியாண்டர்தால் ஆணின் எலும்புக்கூட்டை எடுத்தார். முகத்தின் இடது பக்கம் அடிபட்டு அந்தக் கண் போயிருக்கிறது. வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லை. கால் நொண்டி. காதும் கேட்டிருக்காது என்று 2017இல் சொன்னார்கள். இத்தனையோடு அவர் 40 வயது தாண்டி வாழ்ந்திருக்கிறார். காயமெல்லாம் ஆறி வருடக்கணக்கான பிறகுதான் இறந்தார். காட்டில் வல்லமை மட்டும் இருந்திருந்தால் அவருக்கு ஒரு வாரம்கூடக் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஞ்சம் கசப்பு. நியாண்டர்தால் வேற்றாள் என்று நினைத்த காலமெல்லாம் அவனை முட்டாள், முரடன் என்றார்கள். “அவன் எங்கள் ரத்தத்திலும் இருக்கிறான்” என்று தெரிந்த பிறகு பத்திரிகைகளில் அவன் முகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சவரம்கூடச் செய்துவிட்டார்கள். புதிய ஆதாரங்கள் கிடைத்தது உண்மைதான். ஆனாலும் சொந்தக்காரன் என்றதும் வருகிற மரியாதை இருக்கிறதே, நம் கல்யாண வீடுகளில் பார்க்காததா? (சிரிப்பு)

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2025இல் வந்த ஓர் ஆய்வு. 2,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுவைப் படித்தார்கள். ஒவ்வொருவரிடமும் இருப்பது அதே ஒன்றிரண்டு சதவீதம்தான். ஆனால் என்னிடம் இருக்கிற துண்டு உங்களிடம் இல்லை, உங்களிடம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரிடம் இல்லை. எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்தால் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ பாதி திரும்பக் கிடைக்கிறது! எந்தச் சாதி, எந்த மொழி என்று பார்த்தா பிரித்துக் கொடுத்தான்? தூய ரத்தம் என்று மார்தட்டுகிறவர் வீட்டிலும் ஒரு துண்டு இருக்கும், அவர் ஒதுக்கிவைத்தவர் வீட்டிலும் ஒரு துண்டு இருக்கும். பொருத்தினால் பக்கத்துப் பக்கத்துத் துண்டாகக்கூட இருக்கலாம். (கைதட்டல்)

சொத்து வந்தால் கடனும் வரும். அதை மறைக்கக் கூடாது. கொரோனாவில் நிலைமை மோசமாகும் ஆபத்தைக் கூட்டுகிற ஒரு மரபணுப் பகுதி, மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அது நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என்று 2020இல் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது உண்டு. ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம். எத்தனை வீட்டில் எத்தனை நாற்காலி காலியானது என்று நமக்குத் தெரியும். அதே முன்னோர் கொடுத்த இன்னொரு பகுதி, பன்னிரண்டாம் குரோமோசோமில், ஆபத்தை ஏறத்தாழ 20 சதவீதம் குறைக்கிறது. ஐரோப்பியப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு, கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன் சம்பந்தப்பட்ட ஒரு மரபணு நியாண்டர்தால் வடிவில் இருக்கிறது. அவர்களுக்குக் கருச்சிதைவு குறைவு என்கிறது ஆய்வு. தாத்தா வைத்த கடனையும் அடைக்கிறோம், பாட்டி போட்ட நகையையும் போட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் நியாண்டர்தால் ஏன் 40,000 ஆண்டுக்கு முன்னால் மறைந்தான்? காரணம் ஒன்றல்ல. ஆனால் சைபீரியாவில் கிடைத்த ஒரு நியாண்டர்தால் பெண்ணின் மரபணுவைப் பார்த்தால், அவள் பெற்றோர் ஒரு தாய்க்கோ ஒரு தந்தைக்கோ பிறந்தவர்கள் அளவுக்கு நெருங்கிய உறவு. பெண் எடுக்க, பெண் கொடுக்க அடுத்த கூட்டம் இல்லை. ஆளுக்கு ஆள் நம்மைவிடத் தசைபலம் உள்ளவன். அவனை வீழ்த்தியதில் கூட்டம் சிறுத்துப்போனதற்குப் பெரும் பங்கு உண்டு. எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.

(மணி ஒலிக்கிறது)

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு பெண்ணை மட்டும் அறிமுகப்படுத்திவிட்டு உட்காருகிறேன். அதே சைபீரியாவில் டெனிசோவா என்று ஒரு குகை. அங்கே ஆயிரக்கணக்கான எலும்புத் துணுக்குகள். அதில் ஒன்று, ஒரு அங்குல நீளம். 2018இல் படித்தார்கள். 13 வயதாவது ஆன ஒரு பெண்பிள்ளை, ஏறத்தாழ 90,000 வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தவள். அம்மா நியாண்டர்தால். அப்பா டெனிசோவன் என்கிற வேறொரு பழைய மனித இனம். விஞ்ஞானிகளே அவளுக்கு டென்னி என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவின் மரபணுவை இன்னும் நுணுக்கிப் பார்த்தபோது, பல தலைமுறைக்கு முன்னாலேயே அவர் வம்சத்திலும் ஒரு நியாண்டர்தால் இருந்தது தெரிந்தது. அதாவது, புதுச் சம்பந்தம் இல்லை ஐயா. அந்த இரண்டு வீட்டுக்கும் அது பழைய சம்பந்தம்.

(நீண்ட கைதட்டல்)