ஒயினில் கொஞ்சம் தண்ணீர்

(பழைய மாணவர் சங்கமக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. ஆகவே ஒரே ஒரு சொற்றொடரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நெதர்லாந்தில், டச்சு மொழியில், ஒரு வழக்கு உண்டு. "வாட்டர் பெய் த வெய்ன் டூன்." நேர்ப்பொருள், ஒயினில் தண்ணீர் சேர்ப்பது. நம்ம ஊரில் தண்ணீர் கலந்தால் பால்காரரோடு சண்டைக்குப் போவோம்! அங்கே அர்த்தமே வேறு. தன் கோரிக்கையின் காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உடன்பாட்டுக்கு வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

விடுமுறைக்குக் கணவர் மலை என்கிறார், மனைவி கடற்கரை என்கிறார். "ரெண்டு பேரும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்பார்கள். வாடிக்கையாளர் மூன்று வாரத்தில் வேலையைக் கேட்கிறார், அலுவலகம் ஆறு வாரம் என்கிறது. அங்கேயும் இதே பேச்சுதான். அரசியலில் கேட்கவே வேண்டாம். 150 இடங்கள் கொண்ட கீழவையில் தனிப் பெரும்பான்மை எந்தக் கட்சிக்கும் கிடைப்பதில்லை. 2021 மார்ச்சில் தேர்தல் நடந்தது. பேசிப் பேசி, அமைச்சரவை பதவியேற்றபோது 2022 ஜனவரி ஆகிவிட்டது!

ஒரு பெரிய உதாரணம் சொல்கிறேன். 1982-இல் அந்த நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அந்த நவம்பரில் தொழிற்சங்கத் தலைவர் விம் கோக்கும், முதலாளிகள் தரப்பில் கிறிஸ் வான் வேனும் வாசனார் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தொழிலாளர்கள் ஊதிய உயர்வில் விட்டுக்கொடுத்தார்கள். முதலாளிகள் வேலை நேரத்தைக் குறைத்து, வேலையைப் பலருக்கும் பகிர்ந்தளிக்க இசைந்தார்கள். கோக் 1994-இல் பிரதமரே ஆனார். ஆனாலும், எந்தத் தரப்பு அதிகம் தண்ணீர் ஊற்றியது என்ற வாதம் எழாமல் இல்லை.

என் கருத்தும் அந்த வாதத்தில்தான் இருக்கிறது. "விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை" என்று நாமும் சொல்கிறோம். நல்ல வாசகம்தான். ஆனால் யாரிடம் சொல்கிறோம்? வீட்டில் மருமகளிடம், தங்கையிடம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனிடம். எப்போதும் ஒரே ஆள் ஊற்றிக்கொண்டிருந்தால் அது சமரசம் ஆகாது, பணிந்துபோவது. டச்சுக்காரர் "ரெண்டு பேரும்" என்று சேர்த்துச் சொல்வதைக் கவனியுங்கள்.

மாணவச் செல்வங்களே, நாளை சம்பளம் பேசுவீர்கள், கல்யாணம் பேசுவீர்கள், சொத்தும் பங்கு பிரிப்பீர்கள். பேச உட்காருமுன் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பங்குத் தண்ணீரைத் தயங்காமல் ஊற்றுங்கள். பிறகு குடத்தை மரியாதையாக எதிரே இருப்பவரிடம் நீட்டி, "இப்போ உங்க முறைங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். பெரியவர்களாகிய நாமும், குடம் நம்மிடம் வரும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.