பொம்மைக் கொலுவும் நிழற்படமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இன்னிசை வழங்குவதும் வழக்கம். எனக்குச் சங்கத்தார் அளித்த பொருளோ மிகச் சிறியது. ஒரு சாண் உயரமுள்ள மண் பொம்மையைத் தெளிவாகப் படம் பிடிப்பது எவ்வாறு என்பதே அது. பொருள் சிறிதாயினும் பயன் சிறிதன்று என்பதைக் கேட்டு முடித்தபின் நீங்களே கூறுவீர்கள் என நம்புகிறேன்.

நவராத்திரி வந்துவிட்டால் இப்புனே நகரில், ராஸ்தாப் பேட்டையிலும் கட்கியிலும் மற்ற பகுதிகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் படிகள் எழுகின்றன. பரணிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன. பழைய வேட்டித் துணியிலும் செய்தித் தாளிலும் சுற்றிவைத்த பொம்மைகள் ஒவ்வொன்றாய் வெளிவருகின்றன. அவற்றுள் சில பண்ருட்டியில் பிறந்தவை. சில மதுரையை அடுத்த விளாச்சேரியில் பிறந்தவை. சில சென்னைக் கொசப்பேட்டையில் பிறந்தவை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மடியில் அமர்ந்து புகைவண்டியில் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தது. பாட்டியார் சீதனமாகக் கொணர்ந்த மரப்பாச்சி முதல், சென்ற ஆண்டு வாங்கிய தசாவதாரத் தொகுதி வரை, ஒரு குடும்பத்தின் வரலாறே படிகளின்மீது அமர்ந்திருக்கின்றது.

மண் பொம்மை எவ்வாறு உருவாகின்றது? களிமண்ணை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் அழுத்தி எடுத்து, ஒன்றாகப் பொருத்தி, உலர்த்திச் சூளையில் சுடுகின்றனர். பின்பு வெண்பூச்சு, அதன்மேல் உடலுக்கும் உடைக்கும் வண்ணம், இறுதியில் அணிகலன், புருவம், உதடு, கண். அச்சு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கலாம், கண் பொதுவன்று. அதைக் கைவினைஞர் தூரிகை நுனியால் மூச்சை அடக்கி எழுதுகின்றார். ஒரே அச்சில் வார்த்த நூறு கண்ணன்களும் கண் எழுதியபின் நூறு வெவ்வேறு பிள்ளைகளாகிவிடுகின்றனர். ஒருவன் குறும்பன், ஒருவன் சாது, ஒருவன் இப்போதுதான் வெண்ணெய் தின்றவன்.

அந்தக் கண்ணெழுத்துத்தான் முதலில் அழிகின்றது. ஆண்டுதோறும் துணியால் துடைத்தால் தேய்கின்றது. நிறம் மங்கிவிட்டதென்று புது வண்ணம் பூசக் கொடுத்தால், பொம்மை பளபளவென்று திரும்பி வருகின்றது. ஆனால் பழைய கைவினைஞரின் கோடு புதுப்பூச்சின் அடியில் மறைந்துவிடுகின்றது. வீடுகள் சிறுக்கின்றன, பிள்ளைகள் கடல் கடந்து செல்கின்றனர், தொகுதியில் இருந்த பொம்மைகள் மூன்று வீடுகளுக்குப் பிரிந்து போகின்றன. இயற்கையும் சில வேளைகளில் கருணை காட்டுவதில்லை. 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லா அணையும் தாங்காது போக, ஆற்றங்கரைப் பேட்டைகளில் வெள்ளம் புகுந்த வரலாற்றை இந்நகரத்து முதியோர் நன்கறிவர். வீட்டுப் பொருள்களின் ஆயுள் எத்துணை நிலையற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகவே பொம்மைகளைப் படமெடுத்து வைத்தல் நலம் என்றால், “நாங்கள் ஆண்டுதோறும் எடுக்கின்றோமே!” என்பீர்கள். எடுக்கின்றீர்கள், மறுக்கவில்லை. அப்படத்தில் பட்டுப் புடவை தெரிகின்றது, விருந்தினர் தெரிகின்றனர், மின்விளக்குச் சரம் தெரிகின்றது. ஒன்பது படிகளில் வீற்றிருக்கும் பொம்மைகளோ கடுகு மணிகளாகத் தெரிகின்றன. அது கொலுவின் படம். நான் வேண்டுவது பொம்மையின் படம். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே, கண்ணெழுத்துத் தெரியுமாறு எடுத்த படம்.

இக்கருத்து நிழற்படக் கலையோடு கூடவே பிறந்தது. அக்கலையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான டால்பட் என்னும் ஆங்கிலேயர் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘இயற்கையின் எழுதுகோல்’ என்ற நூலில், அடுக்குத் தட்டுகளில் வைத்த பீங்கான் பொருள்களின் படமொன்று உளது. பொருள்களின் பட்டியலை எழுதும் நேரத்தைவிடச் சற்றே மிகுதியான நேரத்தில் அவற்றைப் படமாகவே பதிந்துவிடலாம் என்றும், அவை களவு போனால் அப்படமே வாய் பேசாத சாட்சியாக வழக்கு மன்றத்தில் நிற்கலாம் என்றும் அவர் கருதினார். அந்நூலிலேயே ஒரு மார்பளவுச் சிலையின் படமும் உண்டு. நேர் வெயில் கடு நிழலை உண்டாக்கும், மேகம் மூடிய நாளின் ஒளியே சிலைக்கு ஏற்றது, வெயிலில் எடுக்க நேர்ந்தால் ஒரு பக்கத்தில் வெள்ளைத் துணியைப் பிடித்து நிழலுக்குள் ஒளியைத் திருப்புக என்று அறிவுரை தருகின்றார். ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழிந்தும் அவ்வுரை பழையதாகவில்லை.

இனி முறைக்கு வருவோம். முதலாவது ஒளி. மழைக்காலம் ஓய்ந்து நவராத்திரி வரும் பருவத்தில் புனேயின் காலை ஒளி மிக நன்று. வெயில் நேரே விழாத சன்னலருகில், வடக்கு நோக்கியதாயின் மிகவும் நன்று, ஒரு மேசையிடுக. சன்னல் பொம்மைக்கு இடப்புறம் இருக்கட்டும். வலப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துக. வெயில் புகுந்தால் சன்னலில் வெள்ளை வேட்டியொன்றைத் தொங்கவிட்டால் போதும். ஒளி பக்கவாட்டிலிருந்து வரும்போதுதான் மூக்கின் எடுப்பும், நகையின் புடைப்பும், தூரிகை சென்ற தடமும் தோன்றும். காமிராவிலுள்ள பிளாஷ் விளக்கு நேரே அடிப்பதால் முகம் தட்டையாகிவிடும்; பளபளப்பான பூச்சின்மீது வெள்ளைப் புள்ளியும் விழும்.

இரண்டாவது நிறம். அறை விளக்குகளையும் வண்ணச் சரங்களையும் அணைத்துவிடுக. சன்னல் ஒளியில் நீலமும் விளக்கொளியில் மஞ்சளும் கலந்து வந்தால், பச்சைப் புடவை எப்பச்சை என்று பின்னர் யாராலும் கூற இயலாது. முதற்படத்தில் பொம்மையருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்துக்கொண்டால், அத்தாள் வெண்மையாகத் தோன்றுமாறு மற்ற படங்களின் நிறத்தையும் பிற்பாடு சரி செய்யலாம்.

பொன் வண்ணத்திற்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. பொன் பூசிய கிரீடம் கண்ணாடி போன்றது. தன் எதிரில் இருப்பதையே காட்டும். எதிரில் இருண்ட அறை இருந்தால் கிரீடம் கறுத்துவிடும். அதன் எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். பொன் பொன்னாகவே விளங்கும். வார்னிஷ் பளபளப்பைக் குறைக்கப் பொம்மையைச் சற்றே திருப்பினால் பெரும்பாலும் போதும்.

மூன்றாவது, காமிரா நிற்க வேண்டிய இடம். குழந்தையைப் படம் பிடிக்கும்போது நாம் குனிகின்றோம் அல்லவா? பொம்மைக்கும் அம்மரியாதை வேண்டும். லென்ஸ் பொம்மையின் முகத்துக்கு நேராக இருத்தல் வேண்டும். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுக்கும். மிக அருகில் சென்றாலும் மூக்கு முன்னே நீண்டு முகம் கோணும். ஆகவே கைப்பேசியால் எடுப்போர் நெருங்கிச் செல்லாது சற்றுப் பின்வாங்கி, இரு மடங்கோ மும்மடங்கோ பெரிதாக்கும் லென்ஸைப் பயன்படுத்துக. முகத்தை அழகாக்குவதாகவும் பின்புலத்தைத் தானே மங்கலாக்குவதாகவும் கூறும் ஏற்பாடுகளை நிறுத்திவிடுக. அவை கைவினைஞரின் கோட்டைத் தோலின் சுருக்கமென்று எண்ணித் துடைத்துவிடக்கூடும்.

நான்காவதே தெளிவின் உயிர்நிலை. சிறு பொருளை அருகிலிருந்து எடுக்கும்போது, கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகவும் குறுகிவிடும். கணக்கிட்டுக் காட்டுகின்றேன். முப்பத்தைந்து மில்லி மீட்டர் பிலிம் அளவுள்ள காமிராவில் 50 மில்லி மீட்டர் லென்ஸைப் பொருத்தி, அரை மீட்டர் தொலைவில் பொம்மையை வைப்போம். லென்ஸின் துவாரத்தை 2.8 என்னும் எண்ணில் அகலத் திறந்தால், கூர்மையான ஆழம் ஏறத்தாழ ஒன்றரைச் சென்டி மீட்டரே. கண் தெளிவாக இருக்கும். முன்னே நீட்டிய வீணை மங்கிவிடும். துவாரத்தை 11 என்னும் எண்ணுக்குச் சுருக்கினால் ஆழம் ஏறத்தாழ 6 சென்டி மீட்டராக விரிகின்றது. கண்ணும் வீணையும் ஒருங்கே தெளிவுறும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அவ்வாறு சுருக்கும்போது உட்புகும் ஒளி ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகின்றது. நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதுமாயிருந்த இடத்தில் இப்போது கால் நொடிக்கு மேல் வேண்டும். கால் நொடி நேரம் எவர் கையும் அசையாதிராது. ஆகவே காமிராவை முக்காலியில் நிறுத்துக. முக்காலி இல்லையேல் புத்தக அடுக்கின்மீது வைத்து அணை கொடுக்க. விரலால் அழுத்தும்போதும் அசையுமாதலால், இரண்டு நொடி கழித்துத் தானே படமெடுக்கும் ஏற்பாட்டை அமைத்துக்கொள்க. பொம்மையைப் போலப் பொறுமையாய் அமர்பவர் உலகில் எவருமிலர்; அப்பொறுமையில் சிறிது நமக்கும் இருந்தால் போதும். கூர்மையை எங்கே அமைப்பது? கண்ணில். கைப்பேசியாயின் திரையில் பொம்மையின் கண்ணைத் தொட்டு அமைக்க.

பின்புலம் எளிமையாக இருக்கட்டும். சாம்பல் நிறத் துணியோ அட்டையோ சாலும். தனிக் கறுப்புத் துணியை விரித்தால் காமிரா இருட்டென்று எண்ணி ஒளியை மிகுதியாக ஏற்று முகத்தை வெளுக்கச் செய்யும். தனி வெள்ளையாயின் முகம் கறுக்கும். படமெடுக்குமுன் ஈரத்துணியால் துடைக்க வேண்டா. நீரில் கரையும் வண்ணமாயின் போய்விடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியை அகற்றுக.

இவ்விடத்தில் இளைஞர்க்கு ஒரு சொல். தீபாவளி நாளில் உங்கள் மராத்தி நண்பர்கள் வாயிலில் மண்ணால் கோட்டை கட்டுகின்றனர். அரியணையில் சிவாஜி மகாராஜா. சுற்றிலும் ஈட்டியும் வாளும் ஏந்திய மாவளே வீரர்கள். அச்சிறு மண்ணுருவங்களும் நம் பொம்மைகளின் உடன்பிறப்புகளே. அவற்றுக்கும் கண் எழுதியது ஒரு கைதான். விரலளவே உள்ள அவ்வீரனைத் தெளிவாக எடுக்கக் கற்றவன் எப்பொம்மையையும் எடுப்பான். காமிராவைத் தரையோடு தரையாக வைத்துப் பாருங்கள். மண்மேடு சகியாத்திரி மலையாகிவிடும்! அண்டை வீட்டாருக்கு அப்படத்தை அளியுங்கள். அதைவிடச் சிறந்த தீபாவளிப் பரிசு வேறொன்றிருத்தல் அரிது.

படமெடுப்பது பாதி வேலையே. முன், பின், இரு பக்கம், அடிப்பாகம் என ஐந்து படங்கள் வேண்டும். ஒன்றிலேனும் அருகே ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு குறிப்பு எழுதுக: பெயர் யாது, எவ்வூரிற் செய்தது, எவ்வாண்டு, வாங்கியவர் யார், எச்சமயத்தில் வாங்கினர். இந்நகரில் உள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். விளக்கும் பாக்குவெட்டியும் கதவும் இசைக் கருவியுமாக வீட்டில் புழங்கிய பொருள்களை ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்து, இளமையில் மறைந்த தம் மகன் ராஜாவின் பெயரால் நிறுவிய கூடம் அது. எளிய பொருளும் பேணுவார் உண்டாயின் வரலாறாகும் என்பதை அதன் ஒவ்வோர் அறையும் சொல்லுகின்றது.

படத்தையும் பேணாவிடில் இழப்போம். இதற்கும் புனேயிலேயே பாடம் உண்டு. 1964இல் இங்கே நிறுவிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றுமுன்பே நம் நாட்டு மௌனப் படங்களுட் பெரும்பாலானவை அழிந்துபட்டன. 1913இல் பால்கே அளித்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வே ஒரு பகுதிதான் எஞ்சியது. எடுத்த படம் கைப்பேசியில் மட்டும் கிடந்தால் கைப்பேசியோடு போகும். இரண்டு இடங்களில் படி வைத்திடுக; ஒன்றைத் தாளில் அச்சிட்டுக் குறிப்போடு ஒட்டி, பொம்மைப் பெட்டியிலேயே வைத்திடுக.

தாய்மார்களே! பொம்மையின் பெயரும் ஊரும் வாங்கியவர் கதையும் இன்று உங்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அடுத்த கொலுவுக்குப் படி கட்டுமுன் ஒரு பகற்பொழுதை ஒதுக்குங்கள். மகன் காமிராவைப் பிடிக்கட்டும். மகள் வெள்ளைத் தாளைப் பிடிக்கட்டும். பாட்டியார் அருகிலமர்ந்து சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும், தமிழிலேயே எழுதட்டும். வண்ணம் பூசக் கொடுக்கவிருக்கும் பொம்மையை முதலில் எடுங்கள். பிரித்துக் கொடுக்கவிருக்கும் தொகுதியை அடுத்து எடுங்கள். நம் வீட்டுப் பொம்மைகளுக்குக் கண் எழுதியவர்களின் பெயரை நாம் அறியோம்; அவர்கள் எழுதிய கோட்டையேனும் நம் மக்கள் காணட்டும்.