கங்காணி வாய் திறக்காவிட்டால்...

(வஹகோட்டையில் தோட்டக் குடும்பங்களுக்காக நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மார்புப் புற்றுநோய் என்றதும் லயத்தில் இரண்டு பேச்சுக் கேட்கும். "எங்க வம்சத்துலயே இல்ல, எனக்கு எப்படி வரும்?" என்பது ஒன்று. "வெளியே தெரிஞ்சா எம் பொண்ண யாரு கட்டுவா?" என்பது மற்றது. இந்த இரண்டாலும் கட்டியை மறைத்து, காலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு.

நம் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்திலும் பரம்பரை அலகுகள் இருக்கின்றன. அவற்றில் சில கங்காணி மாதிரி. கலம் கண்டபடி பெருகாமல் தடுக்கும், பழுதைத் திருத்தும். 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட 'பிஆர்சிஏ 1' அப்படி ஒன்று.

சிலருக்குப் பெற்றோரிடமிருந்தே இந்த அலகு பழுதாக வருகிறது. ஆனால் மார்புப் புற்றுநோய் வந்த நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் நோய் பரம்பரையாக வருகிறது.

அப்படியானால் மற்றவர்களுக்கு? பரம்பரையில்லாத கட்டிகளை ஆராய்ந்தவர்கள் 1995இல் ஒன்றைச் சொன்னார்கள். புற்று பரவும் நிலைக்குப் போகும்போது, பல கட்டிகளில் இந்த அலகின் வேலை வெகுவாகக் குறைகிறது. சில கட்டிகளில் சிறு இரசாயனத் துண்டுகள் ஒட்டி அதை அடைத்துவிடுகின்றன. கங்காணி பெரட்டுக்கு வந்திருக்கிறார், செக்ரோலில் பேரும் இருக்கிறது. ஆனால் மலையில் வாய் திறக்கவில்லை. அப்புறம் வேலை எப்படி நடக்கும்?

இந்த மாற்றம் வாழ்நாளில், அந்தக் கலங்களுக்குள் நடப்பது. பொதுவாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஆகவே வம்சத்தில் இல்லை என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. பொண்ணுக்குக் களங்கம் என்று மறைக்கவும் கூடாது. இது தொற்றுநோயுமல்ல, செய்வினையுமல்ல. குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாதவிடாய் முடிந்த சில நாளில், மாதம் ஒருமுறை மார்பைத் தடவிப் பாருங்கள். கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்தல், இரத்தக் கசிவு - எது கண்டாலும் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்லுங்கள். கட்டியெல்லாம் புற்றல்ல, பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர், நாமல்ல. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் 35 வயதானவர்களுக்கு முக்கியம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

ஐயாமாரே, கிளினிக் நாளில் வீட்டுக்காரியை நீங்களே கூட்டிப் போங்கள். ஒரு நாள் பேர் போனால் மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.