கார்டுக்குப் பணக்காரி, பில்லுக்கு ஏழை!



நான் திருவொற்றியூர்க்காரி. "மருத்துவச் செலவு தனி மனிதர் பொறுப்பு, முன்கூட்டியே சேமிச்சு வைக்கணும்"னு எதிரணி அண்ணன் அழகாப் பேசினாரு. அண்ணே, நெஞ்சுவலி என்ன தீபாவளியா, காலண்டரைப் பார்த்துச் சீட்டு கட்டுறதுக்கு? (சிரிப்பு, கைதட்டல்)

எங்க வீட்டுக் கதையையே சொல்றேன். என் கூடப் பிறந்த அண்ணன் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் பர்மனென்ட். சம்பளம் 20,000 ரூபாய். இ.எஸ்.ஐ.க்காக நூற்றுக்கு முக்கால் ரூபாய், அதாவது 150 ரூபாய் பிடிக்கிறாங்க. முதலாளி மூணேகால் வீதம் 650 ரூபாய் கட்டுறாரு. அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. வைத்தியமும் பார்த்தாங்க, படுத்திருந்த நாளுக்குச் சம்பளத்துல 70 சதவீதமும் கொடுத்தாங்க. ஒரு பைசா கடன் இல்லாம வீடு திரும்பினாரு.

அதே வருஷம் என் வீட்டுக்காரருக்கும் வந்தது. அவரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் கூலி. சட்டப்படி அவருக்கும் இ.எஸ்.ஐ. உண்டு. ஆனா கான்ட்ராக்டர் அவர் பேரைப் பதிவே பண்ணலை. சரி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கலாம்னா, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். இவருக்கு மாசம் 15,000. கணக்குப் போடுங்க, 1,80,000! ஆக, கார்டுக்கு நான் பணக்காரி. பில்லுக்கு நான் ஏழை! (பலத்த கைதட்டல்)

ராத்திரி நேரம், பயத்துல பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூணே நாள்ல என் தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போயிடுச்சு. நாலாம் நாள் ஸ்டான்லிக்குக் கொண்டு போனோம். அங்கேதான் பிழைச்சாரு. எங்க பக்கத்துப் பெரியவங்க ஸ்டான்லியைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னு சொல்லுவாங்க. 1780-களின் பஞ்சத்துல கஞ்சி ஊத்தின சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. பசிச்சவன்கிட்ட வருமானச் சான்றிதழா கேட்பாங்க?

நாங்க கேட்கிறது புதுசா ஒண்ணும் இல்லை, நடுவர் அவர்களே. எங்க அண்ணனுக்குக் கிடைச்சது ஊருக்கே கிடைக்கணும். வசதிக்கேத்தபடி எல்லாரும் கட்டுவோம். அது ஒரே பொது நிதியா இருக்கட்டும். யார் எந்த ஆஸ்பத்திரியில படுத்தாலும் அந்த நிதியே பில்லைக் கட்டட்டும். பணம் கொடுக்கிற கை ஒண்ணா இருந்தா விலையும் படியும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தை மொத்தமா வாங்கினப்போ விலை குறைஞ்சதே!

"பணக்காரனுக்கு எதுக்குய்யா இது?"ன்னு கேட்கிறாங்க. ரேஷன் கடையைப் பாருங்க. 1997-ல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலேன்னு பிரிச்சது. தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் ரேஷன்னு நின்னது. இன்னிக்கு எந்தக் கட்சியாவது அதுல கை வைக்குமா? வைக்காது. ஏன்னா எல்லார் வீட்டிலேயும் கார்டு இருக்கு. ஏழைக்கு மட்டும்னு போட்ட திட்டம் தேய்ஞ்சா கேட்க நாதியில்லை. எல்லாருக்கும்னு போட்டா, ஊரே காவல் காக்கும்! (கைதட்டல்)

ஒரு மாநிலத்தால முடியுமான்னு சந்தேகமா? கனடாவில் சஸ்காட்சுவான்னு ஒரே ஒரு மாகாணம் 1962-ல் ஆரம்பிச்சது. டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. திட்டம் நின்னுதான் பிடிச்சது. நாலே வருஷத்துல, 1966-ல், நாடு முழுக்கச் சட்டம் வந்தது.

தாய்மார்களே, அடுத்த தடவை ஓட்டு கேட்டு வாசலுக்கு வர்றாங்க இல்லையா, அப்போ ஆரத்தித் தட்டைக் கீழே வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "தம்பி, எங்க வீட்டுல ஒருத்தர் படுத்தா பில்லை யாரு கட்டுவா?" பதில் சொன்ன பிறகு தட்டை எடுங்க.

என் செயின் இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு. இருக்கட்டும். உங்க செயின் அங்கே போகக் கூடாது. (பலத்த கைதட்டல்)