நீர்ப்பறவைகளைக் கணக்கிடுதல்



தில்லி உயிரியல் பூங்காவுக்குக் குழந்தைகளுடன் செல்லும் நம்மவர் பலர், அங்குள்ள குளத்து மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருப்பதைக் கண்டிருப்பர். அவை கூண்டுப் பறவைகள் அல்ல. 1960 முதல் தாமாகவே வந்து குஞ்சு பொரிப்பவை. "மொத்தம் எத்தனை?" என்று குழந்தை கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

வருவதும் போவதுமாக இருக்கும் பறவைகளை எண்ணினால் ஒன்றையே இருமுறை எண்ணிவிடுவோம். ஆகவே ஆய்வாளர் கூடுகளை எண்ணுகின்றனர். கூடு ஒன்றுக்கு இணை ஒன்று என்பது கணக்கு. அருகே செல்வதும் தகாது. தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டைகள் வெயிலில் கெடும், காக்கைக்கும் இரையாகும். ஆதலின் கரையில் நின்றே தொலைநோக்கியால் பார்க்கின்றனர். அப்படியாயின், இலைகளில் மறைந்த கூடுகளை எவ்வாறு அறிவது?

இங்கே எளிய கணிதம் துணை நிற்கிறது. இருவர், ஒருவரையொருவர் கலவாமல், தாம் கண்ட கூடுகளைப் படத்தில் குறிக்கின்றனர். முதலாமவர் 40, இரண்டாமவர் 30, இருவருக்கும் பொதுவானவை 24 எனக் கொள்வோம். இரண்டாமவர் கண்ட 30இல் 24, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, முதலாமவர் கண்ணில் பட்டுள்ளது. எனவே அவருடைய 40 என்பதும் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கே. மொத்தம் ஏறக்குறைய 50. இருவரும் சேர்ந்து கண்டவை 46. எவரும் காணாதவை 4. எவருக்குமே புலப்படாத அடர்ந்த கிளைகளில் கூடுகள் இருப்பின், உண்மைத் தொகை இன்னும் கூடும்.

எண்ணும் காலமும் இடத்துக்கேற்ப மாறும். தென்மேற்குப் பருவமழைக்குப்பின் பரத்பூரில் கூடு கட்டும் இதே நாரை, நம் வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்திருக்கும்.

இத்துணைப் பாடு எதற்கு? பரத்பூரின் கேவலாதேவ் பூங்கா, வெளியிலிருந்து வரும் நீரை நம்பியது. 2004ஆம் ஆண்டில் பாஞ்சனா அணையின் நீர் உழவருக்கா, பறவைகளுக்கா என்ற பூசல் எழுந்தது. உழவரின் தேவையும் நியாயமானதே. ஆனால் அவர் மனு எழுதுவார். நாரைக்கு அது இயலாது. ஆண்டுதோறும் ஒரே முறையில் எடுத்த கணக்கே அதன் மனு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் அறிந்த நெறி ஒன்றுண்டு: பிறர் மனுவில் ஒரு சொல்லையும் கூட்டலாகாது, குறைக்கலாகாது. பறவைகளின் மனுவுக்கும் அந்நெறியே பொருந்தும்.