கூட்டத்தில் நமக்கும் ஓர் இடம்



1945இல் வந்த இலவசக் கல்வியால் கட்டணமின்றிப் படித்தவர்கள் நாம். இன்று பாடசாலையின் தேவைகளைப் பேசும் இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபர் தலைவர், பெற்றோர், ஆசிரியரோடு பழைய மாணவியரும் அதில் உறுப்பினர். நாமோ காசு அனுப்புகிறோம், கூட்டத்துக்குப் போவதில்லை.

நூற்றாண்டுக்கு வளைவு கட்டலாம் என்கிறோம். மலசலகூடத்தில் தண்ணீர் வராவிட்டால் பிள்ளைகள் பகல் முழுதும் தண்ணீர் குடியாமல் அடக்கி இருப்பார்கள். பிறகு சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வருவார்கள். மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே நிற்பார்கள். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வரும் பிள்ளை இடைவேளையில் வீட்டுக்கு ஓடவும் முடியாது.

வளைவு பொறுக்கும். மட்டக்களப்பில் இருக்கும் நாம் அடுத்த கூட்டத்துக்குப் போவோம். தூரத்தில் இருப்போர், காசு அனுப்புமுன் என்ன தேவையென்று கேட்போம்.