விதியும் வேளையும்

(இளம்பிள்ளையில் ஊராட்சிச் செயலர்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



அரசின் உதவி எவருக்கு உரியது என்று பிரித்தறியும் பணியில் இன்று கணிப்பொறி பெரும்பங்கு ஏற்றுள்ளது. விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டால் மற்றவற்றை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். விதி சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது உரிய வேளையில் செயற்படவும் வேண்டும்.

நெசவாளர் நிறைந்த இவ்வூரில் இதனை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் அட்டையின் துளை உள்ள இடத்தில் பாவு நூல் எழும். துளையில்லாத இடத்தில் எழாது. ஒவ்வோர் அட்டையும் ஒரு விதியே. துளைகள் பிழையின்றி இருந்தும், அட்டைகளை வரிசை மாற்றிக் கோத்தால் சேலையில் புட்டா சிதைந்துவிடும்.

தறியில் அட்டைகளைக் கயிறு வரிசைப்படுத்துகிறது. கணிப்பொறியின் விதி இயந்திரத்தில் அத்தகைய கயிறு இல்லை. அங்கே ஒவ்வொரு விதியும், 'இவ்வாறு இருந்தால் இதனைச் செய்க' என்று தனித்து நிற்கும். விவரம் வந்தவுடன், நிபந்தனை பொருந்திய விதிகள் யாவும் ஒரு நிகழ்ச்சி நிரலில் ஏறும். கிராம சபையின் நிரலில் ஒரு பொருள் இடம்பெற்றதனாலேயே தீர்மானம் நிறைவேறியதாகாது. அதுபோலவே, நிரலில் ஏறிய விதி தன் முறை வரும்வரை காத்திருக்கும். எது முந்துவது என்று நாம் கூறாவிடில், இயந்திரம் தன் வழக்கப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

இதனால் விளையக்கூடிய தீங்கைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தில், வீட்டு உபயோகத்திற்கான மின்சாரம் ஆண்டிற்கு 3600 யூனிட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இங்கே வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. தறியின் மின்சாரத்தைக் கணக்கிலிருந்து நீக்குவது ஒரு விதி, 3600 யூனிட்டைக் கடந்தால் நிராகரிப்பது மற்றொரு விதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நியாயமானவையே. எனினும், இரண்டாவது முந்திக்கொண்டால் தகுதியுள்ள ஒரு தாய் மாதம் 1000 ரூபாயை இழப்பார்.

இதனைத் தடுக்க வழிகள் உண்டு. முதலாவது, விதிகளுக்கு முன்னுரிமை எண் வழங்குதல். இரண்டாவது, விவரங்களைச் சீர்செய்யும் விதிகளை ஒரு கட்டமாகவும், முடிவு கூறும் விதிகளை மறு கட்டமாகவும் பிரித்து, முன்னது முடிந்த பின்னரே பின்னதைத் திறத்தல்.

மூன்றாவது, விதிக்கு நாள் குறித்தல். விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரு மாதங்களுக்கு 750 யூனிட்டிலிருந்து 1000 யூனிட்டாக 2023-இல் உயர்த்தப்பட்டது. பழைய காலத்துப் பட்டியலை மீண்டும் கணக்கிட நேர்ந்தால் பழைய விதியே செல்ல வேண்டும். ஆதலின் அதனை அழித்துவிடாமல், தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறித்து வைத்தல் நலம்.

நான்காவது, ஒருமுறைக்குமேல் செயற்படாதபடி தடுத்தல். 'கூலியில் பத்து விழுக்காடு கூட்டுக' என்னும் விதி கூலியை மாற்றியவுடன், இயந்திரம் புதிய கூலியைக் கண்டு மீண்டும் கூட்டத் தொடங்கும். தடையில்லையேல் அதற்கு முடிவே இராது.

நண்பர்களே, விதிகளை எழுதும் வல்லுநர் தொலைவில் உள்ளனர். தறிவீட்டை அறிந்தவர்கள் நீங்கள். ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், எந்த விதியால் என்பதோடு, எந்த நாளைய விவரத்தைக் கொண்டு, எந்த விதிக்குப் பின் என்றும் கேளுங்கள். மேற்சொன்ன திட்டத்தில் 30 நாட்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய இடமளிக்கப்பட்டது. அத்தகைய வாய்ப்பு உள்ளபோதெல்லாம் மக்களுக்கு அதனை எடுத்துரைத்து, விண்ணப்பிக்கத் துணைநில்லுங்கள். இயந்திரத்திற்கு வேளையைக் கற்பிக்கும் பொறுப்பு மனிதருடையதே.